தத்து, சுவீகாரம், தழுவல், ஏற்பு: 'அடாப்ஷன்' என்ற ஒரு சொல், அந்தமான் நிக்கோபாரில் எத்தனை அர்த்தம்?

அந்தமான் பற்றிய ஆங்கிலச் செய்திகளை ஒரு கோப்பில் சேர்த்து வைத்துக்கொண்டு, 'அடாப்ஷன்' என்ற சொல்லை மட்டும் தேடிப் பாருங்கள். ஒரு செய்தி குழந்தையைப் பற்றியது. அடுத்தது இணைய வசதி பற்றியது. அதற்கடுத்தது ஒரு கிராமம். பிறகு மதம், கொடி, நாய். தரவு வேலை செய்கிற எங்களுக்கு இது பழகிப்போன தொல்லைதான். ஆனால் இந்தத் தீவுகளைப் பொறுத்தவரை இது வெறும் தேடல் தொல்லை இல்லை. இந்தச் சொல்லுக்கு யார் என்ன அர்த்தம் வைத்துக்கொண்டார்கள் என்பதை ஒட்டி இங்கே ராஜ்ஜியம் போயிருக்கிறது, சிறை வந்திருக்கிறது, சுனாமிக்குப் பிறகு யார் யாருடைய பிள்ளை என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது.

முதலில் சொல்லையே பார்த்துவிடுவோம்.

கொடுத்ததா, எடுத்ததா?

'தத்து' என்பது சமஸ்கிருத 'தத்த' என்பதிலிருந்து வந்தது. அதன் பொருள் 'கொடுக்கப்பட்டது'. அதாவது இந்தச் சொல் பார்ப்பது பிள்ளையைக் கொடுக்கிறவரின் பக்கத்திலிருந்து. 'சுவீகாரம்' என்றால் தனதாக்கிக்கொள்வது, அது எடுக்கிறவரின் பக்கம். ஆங்கிலத்தின் 'அடாப்ட்' லத்தீனில் 'தேர்ந்தெடு' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து கிளைத்தது. ஒரே செயலுக்கு மூன்று சொல், மூன்று கோணம். நாம் 'தத்தெடுத்தல்' என்று சொல்லும்போது, கொடுத்ததை எடுத்துக்கொள்வது என்று இரண்டு பக்கத்தையும் ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம்.

தமிழில் 'தத்து' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: கண்டம், உயிருக்கு வரும் ஆபத்து. 'பையனுக்கு ஒரு தத்து இருந்துச்சு, தாண்டிட்டான்' என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கண்டத்தைத் தாண்டுவதற்கு ஒரு வழியும் வைத்திருக்கிறோம். பிள்ளையைப் பழனியிலோ திருச்செந்தூரிலோ சாமிக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது. 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று அக்கா உங்களை அழவிட்டிருந்தால், அந்தக் கிண்டலுக்குப் பின்னால் இப்படி ஒரு சடங்கு இருக்கிறது. பிள்ளை எங்கேயும் போகவில்லை, அம்மா மாறவில்லை, ஆனாலும் அது தத்துதான்.

அலுவலகத் தமிழில்தான் குழப்பம் அதிகம். தீர்மானத்தை 'அடாப்ட்' செய்தால் அது நிறைவேற்றுதல். அரசமைப்புச் சட்டத்தை 1949 நவம்பர் 26 அன்று 'அடாப்ட்' செய்தோம், அது ஏற்பு. மதத்தை என்றால் தழுவுதல். புதுத் தொழில்நுட்பத்தை என்றால் பயன்பாட்டுக்கு வருதல், பரவுதல். இயந்திர மொழிபெயர்ப்பு இதெல்லாம் பார்க்காது. 'மின்வாகனத் தத்தெடுப்பு அதிகரிப்பு' என்று ஒரு வரியைப் போட்டுவிடும். அந்த ஸ்கூட்டருக்கு யார் பெயர் வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

காலாபானி உருவானதில் ஒரு தத்துப் பிரச்னை

அந்தமானின் நவீன வரலாற்றைச் செல்லுலார் சிறையிலிருந்து தொடங்குவது வழக்கம். கொஞ்சம் பின்னால் போனால், அங்கே நிற்பது தத்துப்பிள்ளைகள்.

1848 முதல் 1856 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹவுசி, 'வாரிசு இழப்புக் கொள்கை' ஒன்றைத் தீவிரமாக நடைமுறைப்படுத்தினார். கம்பெனியைச் சார்ந்த ஒரு மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தால், அவர் தத்தெடுத்த பிள்ளைக்கு ராஜ்ஜியம் போகாது, கம்பெனிக்குப் போகும். இந்து வழக்கத்தில் தத்துப்பிள்ளை எல்லா உரிமையும் உள்ள பிள்ளை. தந்தைக்கு ஈமக்கடன் செய்வதும் அவன்தான். கம்பெனியின் வாதம் இதுதான்: கொள்ளி போடலாம், நாடு ஆள முடியாது. சத்தாரா 1848-ல் போனது. 1853-ல் ஜான்சி மன்னர் கங்காதர ராவ் இறப்பதற்குச் சற்று முன் ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார். அதை ஏற்காமல் அடுத்த ஆண்டே ஜான்சியைச் சேர்த்துக்கொண்டார்கள். தஞ்சை மராத்திய அரச பட்டமும் 1855-ல் இரண்டாம் சிவாஜியோடு முடித்துவைக்கப்பட்டது. பேஷ்வா இரண்டாம் பாஜி ராவின் தத்துப்பிள்ளையான நானா சாகிப்புக்கு, தந்தை வாங்கிவந்த ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது.

1857 கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் தத்து விவகாரத்தின் தலையில் போட முடியாது. ஆனால் ஜான்சி ராணி லட்சுமிபாயும் நானா சாகிப்பும் அந்தக் கிளர்ச்சியின் முன்வரிசையில் நின்றது தற்செயல் இல்லை. கிளர்ச்சியை அடக்கிய பிறகு பிடிபட்டவர்களை எங்கே வைப்பது? 1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜே.பி.வாக்கர் 200 கைதிகளுடன் அந்தமானில் வந்து இறங்கினார். நாம் இன்றைக்குப் பேசுகிற காலாபானி அங்கேதான் ஆரம்பித்தது.

பிறகு ஆட்சியாளர்களே பாடம் கற்றார்கள். 1862-ல் கானிங் பிரபு, தத்தெடுக்கும் உரிமையை உறுதிசெய்யும் சனதுகளைச் சமஸ்தானங்களுக்கு வழங்கினார்.

ஏழு வயதுக்குப் பிறகு வேறு வீடு

கைதிகள் வந்து இறங்கிய அதே தீவில், தத்து என்பதை முற்றிலும் வேறு விதமாகப் புரிந்துகொண்ட மக்கள் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) அதிகாரியாக இருந்த இ.எச்.மேன், 1880களில் கிரேட் அந்தமானியர் பற்றி விரிவாக எழுதினார். அதில் ஒரு குறிப்பு நம்மை நிமிர்ந்து உட்காரவைக்கும். ஆறு, ஏழு வயதைத் தாண்டிய குழந்தை பெற்றோருடன் வசிப்பதைக் காண்பதே அரிதாம்.

காரணம் வறுமை இல்லை, சண்டையும் இல்லை. ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகும் மணமானவர், திரும்பும்போது 'உங்கள் பிள்ளைகளில் ஒருவரை எனக்குக் கொடுங்கள்' என்று கேட்பது நட்பின் அடையாளம், அந்த வீட்டுக்குச் செய்யும் மரியாதை. அவர்களும் கொடுப்பார்கள். பெற்றோர் அவ்வப்போது போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவார்கள். கொஞ்ச நாளைக்குத் தங்களோடு கூட்டிப்போக வேண்டுமென்றால், வளர்ப்புப் பெற்றோரிடம் அனுமதி கேட்பார்கள். 1906-08 காலத்தில் அங்கே கள ஆய்வு செய்த மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுனும் இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்.

நமக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் சிறு சிறு குழுக்களாக, வேட்டையையும் கடலையும் நம்பி வாழ்கிறவர்களுக்கு, பக்கத்துக் குழுவில் தன் பிள்ளை வளர்கிறது என்பதைவிடப் பெரிய உறவுப் பாலம் வேறு என்ன இருக்க முடியும்? இப்படி நான் வாசிக்கிறேன். மேன் சொன்ன காரணம் நட்பும் மரியாதையும் மட்டும்தான்.

இதே காலத்தில் ஆங்கில ஆட்சியும் அவர்களைத் 'தத்து' எடுக்கப் பார்த்தது. 1863-ல் ராஸ் தீவில் பாதிரியார் ஹென்றி கார்பின் 'அந்தமான் ஹோம்' அமைத்தார். அந்தமானியர்களை அங்கே கொண்டுவந்து ஆங்கிலமும் 'நாகரிகமும்' கற்றுத்தருவது திட்டம். தொடர்பு கூடியதோடு நோயும் கூடியது. 1877-ல் தட்டம்மை பரவியது. 1901 கணக்கெடுப்பில் கிரேட் அந்தமானியர் 625 பேர். 2011-ல் 44 பேர். பிள்ளையைக் கொடுத்து நட்பு வளர்த்த குழுக்களில் பல, கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் ஆள் இல்லாமலே முடிந்துபோயின.

இடையில் ஒரு நாய்

1858-க்கு முன் அந்தமான் தீவுகளில் நாய் கிடையாது. குடியேற்றத்தோடு வந்தது. கிரேட் அந்தமானியரும் ஓங்கே மக்களும் அதை உடனே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள், ஏனென்றால் காட்டுப்பன்றி வேட்டைக்கு நாய் பெரிய உதவி. ஆய்வாளர்கள் இதை 'நாயின் அடாப்ஷன்' என்றே எழுதுகிறார்கள். அது செல்லப்பிராணியைத் தத்தெடுப்பதா, புதுத் தொழில்நுட்பம் பரவுவதா? இரண்டும்தான்.

கரை ஒதுங்கிய கப்பல்களின் இரும்பை அடித்து அம்புமுனை ஆக்கியதும் அப்படித்தான். வடக்கு சென்டினல் தீவு மக்கள் வெளியாரை ஏற்கவில்லை, இரும்பை ஏற்றுக்கொண்டார்கள். 'அவர்கள் மாறவே இல்லை' என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் காலத்து உதாரணமும் ஒன்று உண்டு. சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்கு இழுக்கப்பட்ட கண்ணாடியிழை கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. அதுவரை தீவுகள் நம்பியிருந்தது செயற்கைக்கோள் இணைப்பைத்தான். 'டிஜிட்டல் அடாப்ஷன் குறைவு' என்று ஓர் அட்டவணை சொன்னால், அங்கே மக்கள் ஏற்கவில்லையா, கம்பியே வரவில்லையா என்று முதலில் கேட்க வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு: யார் அநாதை?

இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

2004 டிசம்பர் 26. அந்தமான் நிக்கோபாரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக அரசுக் கணக்கில் 3,500 பேர் வரை. பெரும் அடி நிக்கோபார் தீவுகளுக்கு. அதிலும் கச்சால் மிக மோசம். சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சில, 1970களில் ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியேற்றப்பட்ட தீவு அது. தமிழ் இந்தத் தீவுகளுக்குப் புதிதல்ல. 2011 கணக்கெடுப்பில் யூனியன் பிரதேச மக்களில் சுமார் 15 சதவீதம் பேர் தமிழைத் தாய்மொழி என்று சொன்னார்கள்.

அந்த நாட்களில் தமிழகக் கரையில் நடந்தது உங்களில் பலருக்கு மங்கலாக நினைவிருக்கும். பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தத்தெடுக்கிறோம் என்று நாடு முழுவதிலும் இருந்து அழைப்புகள் வந்தன. தமிழக அரசு உடனடித் தத்தெடுப்புக்குத் தடை போட்டது. பிழைத்த பெற்றோரோ உறவினரோ தேடி வரலாம், கடத்தல்காரர்களும் வரலாம் என்பதுதான் காரணம். நாகப்பட்டினம், கடலூர் போன்ற இடங்களில் அரசு இல்லங்கள் திறக்கப்பட்டன. அதே வாரங்களில் 'தத்து' வேறு வடிவத்திலும் வந்தது. தொண்டு நிறுவனங்கள் குப்பங்களைத் தத்தெடுத்தன. நடிகர் விவேக் ஓபராய் கடலூர் தேவனாம்பட்டினத்தைத் தத்தெடுத்ததாகச் செய்தி வந்தது. குழந்தைக்கு 'கூடாது', ஊருக்கு 'வாங்க'. ஒரே சொல்தான்.

நிக்கோபாரில் கேள்வியே வேறாக இருந்தது. கார் நிக்கோபாரில் குடும்பம் என்றால் 'துஹெத்'. ஒரே வேர் வழி வந்த பல வீடுகள் சேர்ந்த பெரிய கூட்டுக் குடும்பம். தென்னந்தோப்பும் நிலமும் துஹெத்துக்குச் சொந்தம், தனி ஆளுக்கு அல்ல. பிள்ளையில்லாத வீட்டில் உறவுக்காரப் பிள்ளை வளர்வது அங்கே சாதாரணம். அப்படி வளரும் பிள்ளைக்கு அந்த வீட்டில் பங்கும் உண்டு. எனவே பெற்றோர் இருவரும் போய்விட்டாலும் பிள்ளை துஹெத்தின் பிள்ளைதான். நாம் 'அநாதை' என்று எழுதும் கட்டத்தில் அவர்களுக்கு எழுத ஒன்றுமில்லை.

ஆனால் நிவாரணப் படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது. குடும்பத் தலைவர் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் எத்தனை. இழப்பீடு தனி ஆட்களின் கணக்குக்குப் போனது. நிரந்தர வீடுகள் கணவன்-மனைவி-பிள்ளைகள் என்ற அளவில் கட்டித்தரப்பட்டன. நிக்கோபாரில் நீண்ட காலம் ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங் போன்றவர்கள், இந்த உதவி துஹெத்தைத் துண்டு துண்டாக்கியதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். காசு யார் பெயரில் வருகிறதோ, குடும்பம் அவரைச் சுற்றிச் சுருங்கும். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்ததில்லை. படிவத்தை அச்சடித்தவர் தன் வீட்டை மனதில் வைத்து அச்சடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதே கார் நிக்கோபாரில் இன்னொரு 'அடாப்ஷன்' நூறு ஆண்டுக்கு முன் நடந்தது. மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்திய வேதப்பன் சாலமன் என்ற தமிழ் உபதேசியாரிடம் படித்த ஹாசேவ்கா என்ற சிறுவன், பர்மாவுக்குப் போய்ப் படித்துத் திரும்பி, ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயரில் பிஷப் ஆனார். 1952-ல் முதல் மக்களவையில் தீவுகளின் நியமன உறுப்பினரும் அவர்தான். இன்று நிக்கோபாரிகளில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். மதத்தைத் தழுவினார்கள், துஹெத்தை விடவில்லை. இரண்டையும் ஒரே சர்ச் வளாகத்தில் சேர்த்து வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் குழந்தையைத் தத்தெடுக்க இரண்டு பிரதான வழிகள். ஒன்று, 1956-ன் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். இந்து, பௌத்த, சமண, சீக்கியர்களுக்கு. இந்தச் சட்டத்தின் 2(2) பிரிவை யாரும் அதிகம் கவனிப்பதில்லை: மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, பட்டியல் பழங்குடியினருக்கு இது பொருந்தாது. நிக்கோபாரிகள் பட்டியல் பழங்குடியினர். ஆக அவர்களுக்கு மிஞ்சுவது வழக்கமும், இரண்டாவது சட்டமும்.

இரண்டாவது, 2015-ன் சிறார் நீதிச் சட்டம். எல்லா மதத்தினருக்கும் உரியது. தனிநபர் சட்டம் எதுவாக இருந்தாலும் இந்த வழியில் தத்தெடுக்கலாம் என்று ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் (அப்போதிருந்த சட்டத்தை வைத்து) தெளிவாக்கியது. மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையமான 'காரா'வின் தளத்தில் பதிவு, சமூகப் பணியாளரின் வீட்டு ஆய்வு, பொருத்தம் பார்த்தல், கடைசியில் ஆணை. 2022 செப்டம்பர் முதல் ஆணை தருவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். திருமணம் ஆகாதவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. 2024-25-ல் காரா வழி நடந்த தத்தெடுப்புகள் 4,515, அதில் 4,155 உள்நாட்டில். வரிசையில் காத்திருக்கும் பெற்றோர் 30 ஆயிரத்துக்கும் மேல். உங்கள் நண்பர் 'மூணு வருஷமா வெயிட்டிங்' என்று சொன்னால் அது மிகை இல்லை.

இந்தச் சட்டத்தில் இரண்டு விளக்கங்களை நிக்கோபாரை மனதில் வைத்துப் படியுங்கள். தத்தெடுப்பு என்றால், குழந்தை பெற்ற பெற்றோரிடமிருந்து நிரந்தரமாகப் பிரிந்து, புதிய பெற்றோரின் முழு உரிமையுள்ள பிள்ளையாவது. மேன் பார்த்த அந்தமானில் யாரும் யாரையும் பிரியவில்லை. துஹெத்திலும் பிரிவதில்லை. அடுத்தது 'உறவினர்'. உறவுக்குள் தத்தெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் உறவினர் என்றால் தந்தை வழி, தாய் வழி மாமா-அத்தை, சித்தப்பா-பெரியப்பா, சித்தி-பெரியம்மா, தாத்தா-பாட்டி. அவ்வளவே. அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையும் நமக்குச் 'சித்தி'தான், சட்டத்துக்கு இல்லை. இது நிக்கோபாரிகளின் பிரச்னை மட்டுமல்ல. ஊரில் பெரியம்மா வீட்டில் வளர்ந்து, ஆவணத்தில் வேறு அம்மா பெயர் போட்ட யாராவது உங்கள் அலுவலகத்திலேயே இருப்பார். பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், வாரிசுச் சான்று என ஒவ்வொரு மேசையிலும் அவர் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

மற்ற தத்துகளுக்கு இந்தச் சுமை இல்லை. வண்டலூர் பூங்காவின் வெள்ளைப் புலி 'அனு'வை 2018-ல் சிவகார்த்திகேயன் தத்தெடுத்தார் என்றால், குறிப்பிட்ட காலத்துக்கு அதன் தீனிக்கும் பராமரிப்புக்கும் பணம் கட்டினார் என்று பொருள். புலி வீட்டுக்கு வராது. 2014 அக்டோபர் 11-ல் தொடங்கிய எம்.பி.க்களின் முன்மாதிரி கிராமத் திட்டத்தில் கிராமத்தைத் தத்தெடுக்கலாம், ஆனால் சொந்த ஊரையோ வாழ்க்கைத்துணையின் ஊரையோ எடுக்க முடியாது, தனி நிதியும் கிடையாது. பாதியில் விட்டாலும் வழக்கு வராது.

குழந்தை விஷயத்தில் வரும். சட்ட நடைமுறை இல்லாமல், ஆதரவற்ற அல்லது கைவிடப்பட்ட குழந்தையைத் தத்துக் கொடுத்தாலும் வாங்கினாலும் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை, 5 ஆண்டு வரை கடுங்காவல். 2021-ல் கோவிட் இரண்டாம் அலையில் 'பெற்றோரை இழந்த பச்சிளம் குழந்தைகள், தத்தெடுக்க விரும்புவோர் இந்த எண்ணை அழைக்கவும்' என்ற வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். நல்ல மனதோடு அதை ஃபார்வர்ட் செய்தவர்கள் ஏராளம். அடுத்த முறை வந்தால், குழுவில் போடாமல் 1098-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் குழந்தைகள் உதவி எண் அது, கட்டணம் இல்லை.